பதினெட்டு வளைவும் ஒரு திருகாணியும்

கண்டியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த செயின்சோவை லொறியில் போட்டு, கம்பளை, புசல்லாவை, ரம்பொடை என்று ஏறி நுவரெலியாவில் இறக்குங்கள். கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். முழு ரேஸ் கொடுக்கும்போதுதான் குரல் கம்மும். மரத்தில் வைத்தால் வேகம் எடுக்காது, சைலன்சர் புகை தள்ளும், பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஈரக் கறுப்பு. "காபரேட்டர் போச்சு" என்று யாராவது ஒருவர் ஸ்குரூ டிரைவரை எடுத்து, கண்ணில் பட்ட திருகாணியை வலப்பக்கம் முறுக்குவார். மெசின் கணீரென்று பேசத் தொடங்கும். எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் அதே மெசின் ஹுன்னஸ்கிரிய தாண்டி, பதினெட்டு வளைவில் இறங்கி, மகியங்கனைப் பக்கம் ஒரு வேலைக்குப் போகும். அங்கே வெயிலில், தொடர்ந்து பெரிய மரம் அறுக்கும்போது, பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு இறுகி நின்றுவிடும். பழி பெற்றோல் ஷெட்டின் மேல் விழும், ஒயில் விற்ற கடையின் மேல் விழும், மெசினைச் செய்த நாட்டின் மேலும் விழும். நுவரெலியாவில் முறுக்கிய அந்தக் கால் திருகல் யாருக்கும் ஞாபகம் வராது.

விறாந்தையில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, மரம் வெட்டும் வேலை செய்கிற ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, இந்த மூணு ஸ்குரூவில எதைத் திருகணும்?" 58 சீசீ என்று ஒட்டியிருக்கும் சீன மெசின் ஒன்று அவர் காலடியில். "இப்போதைக்கு ஒண்டையும் திருகாதீங்க தம்பி" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அது தட்டிக்கழிக்கிற பதில் இல்லை என்பதை விளக்க இரண்டாவது கோப்பை தேவைப்பட்டது. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

மோட்டார் சைக்கிள் காபரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதில் பெற்றோல் நிரம்பியதும் மிதவை எழும்பி வழியை அடைக்கும். நிமிர்ந்து ஓடுகிற வண்டிக்கு அது போதும். செயின்சோவை நாம் சரிக்கிறோம், படுக்க வைக்கிறோம், சில நேரம் தலைகீழாகவும் பிடிக்கிறோம். ஆரம்ப காலத்து மெசின்களில் மிதவைதான் இருந்தது; இரண்டு பேர் தூக்கி, எஞ்சினை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, வாள் பாகத்தை மட்டும் திருப்பி அறுத்தார்கள். 1940களின் கடைசியிலும் அதை ஒட்டிய வருடங்களிலும் டயபிரம் காபரேட்டர் செயின்சோவுக்கு வந்தது. ஒரே ஆள் எந்தப் பக்கமும் திருப்பி அறுக்கிற மெசின் அப்போதுதான் சாத்தியமானது.

டயபிரம் என்பது மெல்லிய சவ்வு. ஒரு காபரேட்டரில் இரண்டு இருக்கும். முதலாவது பம்ப் வேலை செய்யும். பிஸ்டன் போய்வரும்போது கிராங் கேஸுக்குள் அழுத்தம் ஏறி இறங்குகிறதல்லவா, அந்தத் துடிப்பு ஒரு சிறு துளை வழியாக வந்து சவ்வை ஆட்டும். டேங்கிலிருந்து பெற்றோல் மேலே வரும். இரண்டாவது சவ்வுதான் அளவு பார்க்கிறது. அதன் ஒரு பக்கம் பெற்றோல், மறுபக்கம் மூடியிலுள்ள ஓட்டை வழியாக வெளிக்காற்று. எஞ்சின் பெற்றோலை இழுத்ததும் சவ்வு உள்ளே வளைந்து, ஒரு குட்டி நெம்புகோலை அழுத்தி, ஊசி வால்வைத் திறக்கும். போதுமானது வந்ததும் விட்டுவிடும். புதுச் சவ்வை விரலால் தொட்டால் துவளும். வருடக்கணக்கில் பெற்றோலில் ஊறிக் காய்ந்த சவ்வு விறைத்துப்போய், கையில் எடுத்து ஆட்டினாலே சடசடக்கும். அப்படி விறைத்த சவ்வை எந்தத் திருகாணியாலும் இளக்க முடியாது.

இனித் திருகாணிகள். எல் என்பது குறைந்த வேகத்தில் போகும் பெற்றோலுக்கு. எச் என்பது முழு ரேசில் போகும் பெற்றோலுக்கு. எல்ஏ, சில மெசின்களில் டி, பெற்றோலைத் தொடுவதே இல்லை. ஸ்லோவில் காற்று வழியின் தட்டு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் பிடித்து வைக்கும். எல், எச் இரண்டையும் வலப்பக்கம் திருகினால் பெற்றோல் குறையும். கராஜ்காரர் அதை லீன் என்பார். இடப்பக்கம் திருகினால் பெற்றோல் கூடும், அது ரிச். இந்த இரண்டில் எது தவறினாலும் மெசின் ஒழுங்காக ஓடாது. ஆனால் ரிச் தவறு புகைவிட்டு, பிளக்கைக் கறுப்பாக்கி, உங்களிடம் முறையிடும். லீன் தவறு முறையிடாது. மெசின் வழக்கத்தைவிட மிடுக்காக ஓடும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒயில் வருவதே பெற்றோலோடுதான் என்பதை மறக்கக் கூடாது; பெற்றோலைக் குறைத்தால் ஒயிலும் குறைகிறது, சூடும் கூடுகிறது.

காபரேட்டர் என்று சொல்லிக் கொண்டுவரப்படும் நோய்களில் பெரும்பாலானவை காபரேட்டரில் இருப்பதில்லை. அதனால்தான் தம்பியைத் திருகாணியில் கைவைக்க விடவில்லை. முதலில் டேங்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒயில் கலந்த பெற்றோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துப் பாவிக்காமல் இருப்பது நல்லது. 2022 தட்டுப்பாட்டில் பெற்றோல் கியூவில் நின்றவர்கள் நாம். அந்த ஜூலையில் கியூஆர் பாஸ் வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்தபோது, கிடைத்ததைப் போத்தலிலும் கானிலும் சேர்த்து வைத்தோம். கியூ போய்விட்டது, கான் பழக்கம் சில வீடுகளில் போகவில்லை. பழைய பெற்றோலின் வாசமே வேறு, வார்னிஷ் அடித்த மேசையின் வாசம் வரும். அது காபரேட்டருக்குள் காய்ந்தால் மஞ்சள் பிசினாகப் படிந்து, மயிரிழை அளவு துளைகளை அடைத்துவிடும்.

கலவை 50க்கு 1 என்றால் 1 லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லி ஒயில். 25க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்பதை மெசினின் கைந்நூலும் ஒயில் போத்தலும் சொல்லும். "ரெண்டு மூடி கூட ஊத்தினா மெசினுக்கு நல்லது" என்கிற வைத்தியம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. கூடுதலாக ஊற்றும் ஒயில் பெற்றோலின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கலவை உண்மையில் கொஞ்சம் லீனாகிறது என்பதை அந்த வைத்தியர்கள் சொல்ல மாட்டார்கள். சைலன்சர் வாயிலுள்ள கம்பி வலையில் கரி கட்டுவதற்கும் அதுவே காரணம். வலை அடைத்தால் மெசின் மூச்சுவிட முடியாமல் திணறும்; நாம் எச் திருகாணியைக் குற்றம் சொல்வோம்.

அடுத்தது ஏயார் ஃபில்டர். பலா, மகோகனி, தோட்டங்களில் சவுக்கு என்று சொல்லும் கிரெவில்லியா, எதை அறுத்தாலும் மாவுபோல் பறக்கும் தூள் போய் அடைவது அங்கேதான். அடைந்தால் காற்று குறையும், கலவை ரிச் ஆகும். அந்த நிலையில் திருகாணியைத் திருகி லீன் ஆக்கிவிட்டு, மறுநாள் ஃபில்டரைக் கழுவிப் போட்டீர்களானால் மெசின் ஆபத்தான லீனில் நிற்கும். ஃபில்டரை இளஞ்சூடான சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். பேச்சோடு பேச்சாக இன்னொன்று: சொந்தத் தோட்டத்துப் பலாவாக இருந்தாலும் அனுமதி எடுத்துத்தான் வெட்ட வேண்டும். மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இன்னும் இருக்கிறது.

டேங்குக்குள் குழாயின் நுனியில் ஒரு சின்ன ஃபில்டர் கிடக்கும். வளைத்த கம்பியால் வெளியே இழுத்துப் பார்த்தால் பழுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். விலை பெரிதில்லை, மாற்றிவிடுங்கள். அதே டேங்குக்குக் காற்று உள்ளே போக ஒரு வழி உண்டு. அது அடைத்துக்கொண்டால் மெசின் சில நிமிஷம் நன்றாக ஓடிவிட்டு மெல்ல மெல்லத் தளர்ந்து நிற்கும். ஆறவைத்து இழுத்தால் மறுபடி ஓடும். நின்ற பிறகு சூடு தணியவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் நோய் தெரிந்துவிட்டது. தம்பியின் மெசினுக்கும் இதுதான். ஓட்டையைச் சுத்தம் செய்ததோடு அவருடைய வேலை முடிந்தது. ஆனாலும் அவர் எழும்பவில்லை. திருகாணியைப் பற்றித் தெரிந்துகொண்டுதான் போவது என்று பிடிவாதமாக இருந்தார்.

இத்தனையும் சரியாக இருந்தும் மெசின் முரண்டு பிடித்தால் காபரேட்டரைக் கழற்றலாம். வெள்ளைத் துணி விரித்த மேசை, நல்ல வெளிச்சம், காற்றோட்டம். பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ வேண்டாம். ஒவ்வொரு மூடியைத் திறக்கும்போதும் போனில் படம் எடுங்கள். சவ்வும் கேஸ்கட்டும் எந்த வரிசையில் இருந்தன என்பது பிறகு மனத்தில் நிற்காது. அளவு பார்க்கும் பக்கத்தில் கேஸ்கட் முதலில் உடம்போடு ஒட்டும், அதன்மேல் சவ்வு. பம்ப் பக்கத்தில் பெரும்பாலான மாடல்களில் இது தலைகீழ். வரிசையை மாற்றிப் பூட்டிய காபரேட்டர் எத்தனை தரம் கயிற்றை இழுத்தாலும் சரியாக வேலை செய்யாது. பம்ப் பக்கத்து மூடிக்குக் கீழே, நகக் கண்ணளவு வட்டத்தில் ஒரு நுண்ணிய கம்பி வலை இருக்கும். பழைய காபரேட்டர் என்றால் அதன்மேல் மெல்லிய பழுப்புப் படலம் தெரியும். அதை மட்டும் கழுவி உயிர்பெற்ற மெசின்கள் ஏராளம்.

காபரேட்டர் கிளீனரைத் துளைகளுக்குள் அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துளையில் அடித்தது இன்னொரு துளை வழியாக நேரே கண்ணுக்கு வரும். துளைக்குள் குண்டூசி, கம்பி எதையும் விடாதீர்கள். உலோகம் மென்மையானது, ஒரு கீறல் விழுந்தால் அளவு நிரந்தரமாக மாறிவிடும். நைலோன் தூண்டில் நரம்பு போதும். சவ்வுகள் உள்ளே இருக்கும்போது கொம்ப்ரஸர் காற்றைப் பீய்ச்சினால் கிழிந்துவிடும். குட்டி நெம்புகோலை வளைக்கவும் வேண்டாம்; அதன் உயரத்தில் அரை மில்லிமீற்றர் பிசகினாலும் ஒன்று பெற்றோல் வழியும், இல்லை பட்டினி கிடக்கும். பழைய சவ்வைக் கழுவித் திரும்பப் போடுகிற சிக்கனம் எனக்குப் பிடிக்காது. திறந்தாகிவிட்டது என்றால் புதுக் கிட் போட்டு மூடுவதே சரி. கடையில் கேட்கும்போது மெசினின் பெயரைவிட, காபரேட்டர் உடம்பில் பொறித்திருக்கும் எழுத்தையும் இலக்கத்தையும் காட்டுங்கள்.

இப்போது திருகலாம். வாளும் சங்கிலியும் பூட்டியிருக்க வேண்டும். சங்கிலி கூர்மையாக, சரியான இறுக்கத்தில் இருக்க வேண்டும். கையுறை, கண்ணாடி, காது மூடி போட்டுக்கொள்ளுங்கள். முதலில், இருக்கிற நிலையை எழுதி வையுங்கள்: எல், எச் ஒவ்வொன்றையும் வலப்பக்கம் மெதுவாக, முட்டும்வரை, எண்ணிக்கொண்டே திருகுங்கள். முட்டிய பிறகு ஒரு மயிரளவும் அழுத்தக் கூடாது. ஊசி முனை உட்காரும் இடம் நசுங்கிவிடும். பிறகு இரண்டையும் ஒரு முழுச் சுற்று வெளியே எடுங்கள். பல மெசின்களுக்கு அதுதான் தொடக்க நிலை. உங்கள் கைந்நூல் வேறு சொன்னால் அதுவே சரி. புது மெசின்களில் திருகாணி மேல் பிளாஸ்டிக் தொப்பி இருக்கும், அது ஓர் அளவுக்கு மேல் சுற்ற விடாது. அதைப் பிய்த்தெறிகிறவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் அவசியம் இல்லாமல்தான் பிய்க்கிறார்கள்.

மெசினைச் சில நிமிஷம் ஓட்டிச் சூடாக்குங்கள். குளிர்ந்த எஞ்சினில் டியூன் செய்வது வீண். எல் திருகாணியை எட்டில் ஒரு சுற்று வீதம் திருகி, ஸ்லோ வேகம் எங்கே அதிகமாக ஏறுகிறது என்று கேளுங்கள். அந்த இடத்திலிருந்து ஏறக்குறைய கால் சுற்று இடப்பக்கம் விடுங்கள். பிறகு ரேஸைத் திடீரென்று அழுத்துங்கள். தயங்கி, செத்துச் செத்துப் பிழைத்தால் லீன், இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். குழறிப் புகைத்து ஏறினால் ரிச். அதன் பிறகு எல்ஏ: மெசின் நிற்காமல் ஓட வேண்டும், சங்கிலி சுற்றக் கூடாது. ஸ்லோவில் சங்கிலி சுற்றுகிற மெசினோடு எந்த வேலைக்கும் போகாதீர்கள். எல்ஏயைக் குறைத்த பிறகும் சுற்றினால் கிளச் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ரேஸை விட்டதும் வேகம் இறங்காமல் தொங்கிக்கொண்டு நின்றால், எங்கோ காற்று ஒழுகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதைத் திருகாணியால் மூடி மறைப்பது பிஸ்டனை விலைக்குக் கொடுப்பதாகும்.

எச் திருகாணிக்குக் காதுதான் முக்கியம். மரத்தில் வைக்காமல் முழு ரேஸைச் சில வினாடிகள் மட்டும் கொடுங்கள். நல்ல அளவில் இருக்கிற டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அப்போது சுத்தமாக அலறக் கூடாது. அலறலுக்குள்ளே ஒரு குழறல், 'பர்ர்ர்' என்று உடைந்து உடைந்து வர வேண்டும். கூடுதல் பெற்றோலால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிகிற சத்தம் அது. ஃபோர் ஸ்ட்ரோக்கிங் என்பார்கள். பழைய டூ ஸ்ட்ரோக் த்ரீவீலர்களின் காலத்தில் இந்தக் காது ஊரில் பாதிப் பேருக்கு இருந்தது. 2008இல் அவற்றின் இறக்குமதி நின்றது; காதும் மெல்ல மெல்லப் போய்விட்டது. குழறல் கேட்டதா? இப்போது மரத்தில் வையுங்கள். பாரம் ஏறியதும் குழறல் மறைந்து சத்தம் வழுவழுப்பாக வேண்டும். மரத்திலிருந்து எடுத்ததும் திரும்பக் குழற வேண்டும். மரத்துக்குள்ளும் குழறினால் எட்டில் ஒரு சுற்று வலப்பக்கம். வெளியிலேயே ஊசிபோல் அலறினால் உடனே இடப்பக்கம். சந்தேகமாக இருந்தால் ரிச் பக்கமே விடுங்கள். கடைசியில் எல்ஏயை இன்னொரு தரம் பாருங்கள்.

இனி மலைக்கு வருவோம். கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர், மகியங்கனை சுமார் 100 மீற்றர். இரண்டு மூன்று மணித்தியால ஓட்டத்தில் இவ்வளவு ஏற்ற இறக்கம். கண்டியோடு பார்த்தால் நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைகிற அதே அளவுக்குப் பெற்றோலும் குறைந்திருந்தால் தொல்லையே இல்லை. காபரேட்டரின் குறுகிய கழுத்தில் ஓடுகிற காற்று தன் அடர்த்திக்கு ஏற்றபடி பெற்றோலை இழுக்கிறது. பெற்றோல் வருவதோ அந்த இழுவையின் வர்க்கமூலத்துக்கு ஏற்றபடி. ஆகவே காற்று நூற்றுக்கு 12 வீதம் குறையும் இடத்தில் பெற்றோல் கிட்டத்தட்ட 6 வீதம்தான் குறைகிறது. மிச்சம் அத்தனையும் ரிச். கம்மிய குரலுக்கும் கறுத்த பிளக்குக்கும் காரணம் இதுதான். மெசினில் எதுவும் பழுதில்லை.

நுவரெலியாப் பக்கத் தோட்டத்தில் டர்பன்டைன் மரங்களை வாரக்கணக்கில் அறுக்கப் போகிறீர்கள் என்றால் எச் திருகாணியைச் சிறிது வலப்பக்கம் திருப்புவது நியாயம். ஒரு நாள் வேலைக்கு நான் தொட மாட்டேன், கொஞ்சம் புகைக்கட்டும். ஆனால் திருப்பினால், கீழே இறங்குமுன் பழைய இடத்துக்கு வர வேண்டும். மறந்துவிட்டு மகியங்கனைக்குப் போனால் அடர்ந்த காற்று நிறைய உள்ளே வரும், பெற்றோல் அதற்கு ஈடுகொடுக்காது. மெசின் அப்போதும் குறை சொல்லாது, அருமையாக அலறும். திருகாணித் தலையின் காடிக்கு நேராக, காபரேட்டர் மூடியில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டால், கண்டி நிலை எது என்று யார் பார்த்தாலும் தெரியும். ஸ்டில்லின் எம்-ட்ரோனிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோடியூன் பொருத்திய மெசின்களுக்கு இந்தப் பாடு இல்லை. அளவை அவையே பார்த்துக்கொள்ளும், திருகாணிகூடக் கிடையாது. ஆனால் நம் பக்கத்தில் மரத்தோடு மல்லுக்கட்டுகிற மெசின்களில் பெரும்பாலானவை இன்னும் திருகாணி மெசின்கள்தான்: பழைய ஸ்டில் 070கள், 52, 58 என்று எழுதிய சீன மெசின்கள்.

"அப்ப வேலையில்லாத நாள்ல என்ன செய்யணும் அண்ணே?" என்றார் தம்பி. சில வாரங்களுக்கு மேல் மெசினைத் தொடப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, ஸ்டார்ட் பண்ணி, தானாக நிற்கும்வரை ஓட்டிவிட வேண்டும். காய்ந்தால் சவ்வு விறைக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. பிசின் கட்டிய காபரேட்டரோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தரமாவது கொஞ்சம் புதுக் கலவை ஊற்றி ஓட்டிப் பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது, பாதைகளை மரமும் மண்ணும் மறித்துக் கிடந்தன. அப்படியொரு காலையில் பரணிலிருந்து இறக்கிய மெசினுக்குக் கிட் மாற்றிக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது. மெசினின் பதிவுப் பத்திரத்தின் பிரதி ஒன்றையும் அதன் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். லொறியை மறித்துக் கேட்கிறவர்கள் காபரேட்டரைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.